தாய்ப் பாட்டில்

அந்தப் பழச்சாறு ஆலையில் எல்லோர் வாயிலும் புழங்கும் ஒரு சொல், தாய்ப் பாட்டில். பெயரைக் கேட்டு என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். மற்ற பாட்டில்கள் எல்லாம் எதைப் போல இருக்க வேண்டுமோ, அந்தப் பாட்டில். அவ்வளவுதான். காலையில் பிழிந்து அடைத்த ஆரஞ்சுச் சாறு தாயைப் போல இருந்தால் லாரி ஏறும். இல்லையென்றால் தொட்டிக்கே திரும்பும்.

ஆனால் சாறு என்ன தங்கமா, வைத்தது வைத்தபடி கிடக்க? குளிர்பெட்டிக்குள் இருந்தாலும் சில மாதங்களில் மங்கிப்போகும். அதற்குள் புதிய தாயைக் கலந்துவிட வேண்டும். கலக்கிறவள் பெரியவள், அக்கா தங்கை இருவரில் மூத்தவள். ருசி அறைக்கு அவள்தான் தலைவி. “பழைய பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலக்காதே, அது கிழடு தட்டியது. உன் ஞாபகத்தை நம்பு” என்று அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு, நாக்கில் இருக்கும் நினைவுக்குச் சரியாக வரும்வரை சர்க்கரைப் பாகைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். கண்ணைத் திறந்து “இதுதான்” என்றால், அது தாய்.

பிறகு அந்தப் புதுத் தாய் ருசி அறைக்குள் போகும். தடுப்பு வைத்த சின்னச் சின்னக் கூண்டுகளில் ருசி பார்க்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சாற்றின் நிறம் பார்த்து நாக்கு ஏமாறக் கூடாதென்று உள்ளே சிவப்பு வெளிச்சம். வாசனைப் பவுடர் கூடாது, காபி கூடாது, பேச்சு கூடாது. ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, ‘அதே ருசிதான்’ என்றால் விசையை அழுத்த வேண்டும். வெளியே பெரியவளுடைய மேசையில் அவரவர் விளக்கு எரியும். ‘இல்லை’ என்றால் அழுத்தக் கூடாது. அந்த விளக்கு இருட்டாகவே இருக்கும். ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு ‘ஏன்’ கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சோதனைக்கூடத்தில் சர்க்கரை அளக்கும் மீட்டர் ஒன்றும் இருந்தது. அதை வைத்திருந்தவர் அடிக்கடி கதவோரம் வந்து நிற்பார்.

“மேடம், மீட்டர் கொஞ்சம் ஏத்திக் காட்டுது.”

“இந்த வருஷம் பழம் புளிக்குது தம்பி. புளிப்பு ஏறினா இனிப்பும் ஏறத்தான் செய்யணும். உங்க மீட்டருக்கு நாக்கு இருக்கா?”

“இல்ல மேடம். வாயும் இல்ல. அதான் இவ்வளவு நாள் வேலையில நிலைச்சிருக்கு.”

சிரித்துவிட்டுப் போய்விடுவார். பெரியவளும் சிரிப்பாள். அவள் நாக்கின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை அப்படி. காரணமும் இருந்தது. அது பிறந்த வீட்டுச் சொத்து.

வேலையில் சேர்ந்த புதிதில், ஆளெடுக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கும் காகிதத் துண்டுகளில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பார்த்தால் வெறும் வெள்ளைக் காகிதம். சிலருக்கு அது எட்டிக்காயாகக் கசக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. பிறவியில் வருவது அது, பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவது. அம்மா ஒன்றை வாயில் வைத்ததுமே தொட்டியடிக்கு ஓடினாள். தங்கை, நம் சின்னவள், “சீ, என்னக்கா இது, விஷம்” என்று நாக்கைத் துண்டால் துடைத்தாள். அப்பா மட்டும் ஒன்றை மென்று, இன்னொன்றையும் எடுத்து மென்று, “பேப்பர் மாதிரி இருக்கு” என்றார்.

“பேப்பர்தாங்க அது” என்றாள் அம்மா, வாயைக் கொப்பளித்துக்கொண்டே. “இத்தனை வருஷமா என் சமையலை நல்லாருக்குன்னு சொன்ன நாக்கு இதுதானா?”

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அக்கா தங்கை இருவருக்கும் ஒரே நாக்கு, அம்மா நாக்கு, என்பது குடும்பத்தில் தீர்ந்துபோன விஷயம். அடுத்த ஆண்டே சின்னவளையும் ஆலைக்குக் கூட்டிவந்து ஒரு கூண்டில் உட்கார வைத்தாள் பெரியவள். கடைசிக் கூண்டு, கடைசி விளக்கு. பல வருஷம் அது தவறாமல் எரிந்தது.

சின்னவள் சிறு வயதிலிருந்தே குண்டு. பஞ்சு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். நடந்தால் தரை குலுங்காது, அவள் கன்னம் குலுங்கும். அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள். பெரியவள் ஒல்லி. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், அவள் ஒல்லியாக இல்லாமல் போன பிறகும் சொன்னார்கள். முழங்கால் வலி, நாற்காலி வேலை, மாடியேற மின்தூக்கி என்று அவள் உடம்பும் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துத்தான் வந்தது. ரவிக்கை பிரித்துத் தைத்தாள். மோதிரத்தை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு வீட்டில் குண்டு என்று ஒருத்திக்குப் பெயர் வைத்துவிட்டால், மற்றவர்கள் எல்லாம் ஒல்லி என்றுதானே கணக்கு?

புதுத் தாய்ப் பாட்டில் ஒன்று வந்த அன்று கடைசி விளக்கு எரியவில்லை. மற்ற எல்லாம் எரிந்தன. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னவள்தான் பேச்செடுத்தாள்.

“அக்கா, இனிப்பு ஏறிப்போச்சுக்கா.”

“ஏறலடி. நான் கலந்தது.”

“நீ கலந்ததுதான். இருந்தாலும் நான் வந்த புதுசுல குடிச்ச அந்த ருசி இல்ல.”

“மத்தவங்க எல்லாம் அழுத்தினாங்களே.”

“அவங்க போன பாட்டிலை நினைச்சுக்கிட்டு அழுத்தறாங்க. எனக்கு மொதப் பாட்டில் இன்னும் நாக்குல நிக்குதுக்கா. நான் என்ன பண்ண?”

அடுத்த தாய்க்கும் விளக்கு எரியவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆலைக்கு ஒருவர் பயிற்சி வகுப்பு எடுக்க வந்தார். படம் போட்டுக் காட்டினார். உடம்பு எடை கூடக் கூட நாக்கில் ருசி மொட்டுகள் குறைகின்றன என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன, இனிப்பும் கசப்பும் மந்தமாகத் தெரியலாம் என்றார். அவர் ‘சில’ என்றதும் ‘லாம்’ என்றதும் பெரியவள் காதில் விழவில்லை. அவள் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். அறையில் இருந்த எல்லோருமே திரும்பிச் சின்னவளைத்தான் பார்த்தார்கள். பெரியவளைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, பெரியவள் உட்பட.

மூன்றாவது தாய்க்கும் கடைசி விளக்கு இருட்டாகவே இருந்தது. தொடர்ந்து மூன்று முறை மாறுபட்டால் கூண்டை விட்டு எழ வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். அக்கா தங்கை என்று பார்த்தால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எல்லோரும் இருக்கும்போதே, கூண்டுக் கதவருகில் நின்று, பெரியவள் சொன்னாள்.

“உனக்கும் எனக்கும் ஒரே நாக்குடி. ரெண்டும் வேற வேற சொல்லுதுன்னா ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். உடம்பைக் கொறை. நாக்கு தானா வரும். அதுவரைக்கும் பாட்டில் கழுவற பக்கம் போய் இரு.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சின்னவள் எப்போதும் போலத் தானும் சேர்ந்து சிரிப்பாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வாய் கொப்பளித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். பாட்டில் கழுவும் பக்கமும் போகவில்லை, அடுத்த நாள் ஆலைக்கும் வரவில்லை.

சண்டையென்று ஒன்றும் இல்லை. நல்லது கெட்டதுகளில் பார்த்துக்கொண்டார்கள். வந்தியா, சாப்பிட்டியா, கால் வலி எப்படி இருக்கு என்ற மட்டில் பேச்சு நின்றுவிடும். சின்னவள் வேறு ஊர்ப் பக்கமாகக் குடிபோய், பஸ் ஓட்டும் தன் வீட்டுக்காரரோடு, அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு டப்பாவில் கட்டிக் கொடுக்கிறாள் என்று காதில் விழுந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டே இருந்தாள். நினைப்புக்கு என்ன, அது பாட்டுக்கு ஓடும். காலல்லவா நடக்க வேண்டும்?

வருஷங்கள் போயின. ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்தாள். பிறவியில் வரும் நாக்கு எது, உடம்பு எடையால் மாறும் நாக்கு எது என்று படித்துக்கொண்டிருந்தாள். ருசி பார்க்கிறவர்களை வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று முதலாளியிடம் அனுமதி வாங்கியிருந்தாள். ஒவ்வொருவர் கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டாள். நாக்கில் நீலச் சாயம் தடவி மொட்டுகளை எண்ணினாள். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறிய பெரியவள், “இந்த மெஷின் கொஞ்சம் கூட்டிக் காட்டும் போல” என்றாள்.

“எல்லா மெஷினும் அப்படித்தாம்மா, நாம ஏறினா” என்றாள் அந்தப் பெண்.

பிறகு தண்ணீர்க் கோப்பைகள். முதலில் வெறும் தண்ணீர், அடுத்ததில் சர்க்கரை ஒரு துளி, அடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று ஏறிக்கொண்டே போகும். இனிப்பு தட்டியதும் கை தூக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் முன்னால் இருந்த கோப்பைகளிலேயே கை தூக்கிவிட்டார்கள். பெரியவள் குடித்துக்கொண்டே போனாள். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பது தெரிந்தது. வரிசையின் கடைசிக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் ஏதோ ஒரு ஓரத்தில் இனித்தது. கையைத் தூக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கன்னத்துப் பஞ்சின் முடிவு வந்ததும் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து பேசினாள்.

“கசப்பு தெரியற அந்தக் கூறு உங்ககிட்ட இருக்கும்மா, பிறவியிலயே. அது எங்கயும் போகல. ஆனா இனிப்பு ரொம்ப மங்கியிருக்கு. எடை கூடினது காரணமா இருக்கலாம், வயசா இருக்கலாம், நீங்க சாப்பிடற மாத்திரையா இருக்கலாம். இதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது.”

“என்னைவிட குண்டா ஒருத்தி இருந்தா, அவளுக்கு இன்னும் மங்கியிருக்குமில்ல?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. நூறு இருநூறு பேரைச் சேர்த்துப் பாத்தா லேசாத் தெரியற விஷயம் இது. ஒருத்தர் உடம்பைப் பாத்து அவங்க நாக்கைச் சொல்லவே முடியாது. நாக்கைத்தான் கேக்கணும்.” காகிதங்களை அடுக்கிக்கொண்டே, “மங்கின நாக்குக்கு இனிப்பு பத்தாது. சேத்துக்கிட்டே போகத் தோணும்” என்றாள்.

பெரியவள் எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள்.

மங்கிய நாக்குக்கு இனிப்பு பத்தாது. அப்படியென்றால், மங்கிய நாக்கு ‘பத்தவில்லை’ என்றல்லவா சொல்லும்? சின்னவள் என்ன சொன்னாள்? ஏறிப்போச்சு என்றாள். பஸ் நிறுத்தத்தில் நின்று, தன் வாயால், தெளிவாக, ஏறிப்போச்சுக்கா என்றாள். ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் கணக்கு. காது கேட்டது. ஆனால் கண் தங்கையின் உடம்பின் மேல் இருந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், கண்ணாடியைப் பார்க்காத வரைக்கும்.

ஒவ்வொரு தாய்க்கும் நினைவு என்று நினைத்து அவள் சேர்த்தது நினைவை அல்ல. மங்கியதை நிரப்பச் சர்க்கரையைச் சேர்த்திருக்கிறாள். தாய் மாற மாறப் பிள்ளைகளும் மாறின. லாரி லாரியாகப் போயின.

முதலாளியிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் மீட்டர்காரரைக் கூப்பிட்டுப் பழைய அளவு என்ன என்று கேட்டார். பிறகு பெரியவளிடம், “சர்க்கரையை மீட்டர் பாத்துக்கும். ஆனா அந்தப் பழைய ருசியை அது எங்க பாத்தது? உங்க தங்கச்சிக்கு ஞாபகம் இருக்குன்னா கூட்டிட்டு வாங்க. உங்க நாற்காலியிலயே உக்காரட்டும்” என்றார். நாற்காலி போகிறதே என்று பெரியவளுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தங்கையைத் திரும்ப அந்த அறைக்குள் கூட்டி வந்துவிட வேண்டும். எல்லோர் எதிரிலும் சொன்னதை எல்லோர் எதிரிலும் திருப்பி எடுக்க வேண்டும். அது ஒன்றுதான் மனத்தில் இருந்தது.

சின்னவள் வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. படிக்குப் படி நின்று ஏறி, கதவைத் தட்டி, திறந்தவளைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று பெரியவள் ஒரு கணம் தடுமாறினாள். கன்னம் வற்றி, கழுத்தெலும்பு தெரிய நின்றாள் பஞ்சு.

“என்னடி இப்படி இளைச்சுட்ட? உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீ என்னக்கா, என் சதையை எல்லாம் நீ வாங்கிக்கிட்டியா? வா, வா, மூச்சு வாங்குது பாரு, உக்காரு.”

அடுப்பில் பெரிய பாத்திரத்தில் சூப் கொதித்தது. மேடையெங்கும் அளவுக் கரண்டிகள், கோடு போட்ட தம்ளர்கள், ஒரு சின்னத் தராசு. சின்னவள் உப்பைக் கரண்டியில் எடுத்து, விளிம்பைக் கத்தியால் வழித்துச் சமமாக்கி, பாத்திரத்தில் போட்டாள். கிண்டினாள். வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

“ருசி பாக்க மாட்டியா?”

“அவர் சாப்பிட வருவார். அவர் வாயில ஒரு கரண்டி ஊத்திட்டு, சரின்னா டப்பாவை மூடுவேன்.” சிரித்தாள். “அவருக்கும் நம்ம அப்பா நாக்குதான். எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வார். அதனாலதான் அளவு தப்பாமப் போடறேன்.”

பெரியவள் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது எல்லாம் மறந்துவிட்டது. தாறுமாறாகச் சொன்னாள். தண்ணீர்க் கோப்பைகளைச் சொன்னாள். நீலச் சாயம், பஞ்சுக் குச்சி, இனிப்பு ஏறியதெல்லாம் தன்னால்தான், “நீ சரியாத்தாண்டி சொன்ன. மூணு தடவையும் சரியாத்தான் சொன்ன. கெட்டுப்போனது என் நாக்கு.”

சின்னவள் கிண்டுவதை நிறுத்தவில்லை. “எப்பலேருந்து?” என்றாள்.

“உன் விளக்கு எரியாம போச்சே, அதுக்கும் முன்னாலேருந்து.”

சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உடம்பைக் கொறை, நாக்கு வரும்னு நீதானக்கா சொன்ன? நான் கொறைச்சேன். ராத்திரியில ரொட்டி ஒண்ணு, சில நாள் அதுவும் இல்ல. அவர்கூட சத்தம் போடுவார், எதுக்குடி இப்படிப் பட்டினி கிடக்கறேன்னு. கொஞ்சம் கொஞ்சமா எடை எறங்கும். எறங்கறப்பல்லாம் கடைக்குப் போயி நம்ம கம்பெனி பாட்டில் ஒண்ணு வாங்கிட்டு வருவேன். நாக்கு வந்துடுச்சான்னு பாக்க.”

பெரியவளுக்கு அடுத்து வரப்போவது புரிந்துவிட்டது. “வேணாண்டி” என்றாள்.

“ஒவ்வொரு தடவையும் முன்னைவிட தித்திப்பா இருக்கும். கொறைக்கக் கொறைக்க நாக்கு மோசமாத்தான் போகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு நாள் குடிச்சுட்டுக் குமட்டிப்போச்சு. சரி, இது இனிமே ஆகாத நாக்குன்னு விட்டுட்டேன். கரண்டியெல்லாம் வாங்கினது அப்புறந்தான்.” கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அப்ப அந்தப் பாட்டில்தான் ஏறிக்கிட்டே போயிருக்கு.”

“ஆமா.”

“நான் நின்ன எடத்துலயே நின்னிருக்கேன்.”

“ஆமாண்டி.”

சின்னவள் அழுவாள், திட்டுவாள், எதையாவது எடுத்து வீசுவாள் என்று பெரியவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் எழுந்து, எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிழிந்து, கரண்டியால் சர்க்கரையை அளந்து போட்டு, இரண்டு தம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தாள். மூன்று மாடி ஏறி வந்தவளுக்குத் தாகமாக இருக்கும் என்பது எப்படியோ ஞாபகம் வந்திருக்கிறது.

“முதலாளி உன்னைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னார். என் நாற்காலியிலயே உக்காரலாமாம். எல்லாரையும் வரச் சொல்லி அவங்க முன்னாடியே நான் சொல்றேன். உன் கால்ல விழச் சொன்னாலும் விழறேன்.”

“விழுந்தா உன்னை யாரு தூக்கறது?” என்றாள் சின்னவள். இருவருமே லேசாகச் சிரித்துவிட்டார்கள். சிரித்ததுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்ளரை எடுத்துக் குடித்தாள்.

“சர்க்கரை சரியா இருக்கா?” என்று கேட்டாள் சின்னவள். வேண்டுமென்று கேட்கவில்லை. வாய்ப் பழக்கம். யாராவது குடித்தால் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம்.

பெரியவள் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். வாழ்நாளில் ஒரு தடவைகூட அவள் அந்தக் கேள்விக்குத் தயங்கியதில்லை.

“எனக்குத் தெரியலடி. நீ குடிச்சுச் சொல்லு.”

சின்னவள் தன் தம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். பெரியவள் அவள் முகத்தையே பார்த்திருந்தாள். இதோ சொல்லிவிடுவாள், ஒரே ஒரு வார்த்தை, கூட, இல்லை கம்மி. சொல்லிவிட்டால் போதும்.

கண்ணைத் திறந்த சின்னவள், முதலில் பார்த்தது அக்காவின் முகத்தைத்தான். பார்த்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்னவோ சொல்லுதுக்கா. சொல்லாம இல்ல. ஆனா அது சொல்றப்பவே, இது நெசமா, எனக்கா தோணுதான்னு இன்னொண்ணு உள்ள கேக்குது. ரெண்டுல எது நாக்கு, எது பயம்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. நான் வந்து அந்த நாற்காலியில உக்காந்து, ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கிட்டிருக்கவா?”

“நாளாக ஆகச் சரியாயிடும்.”

“ஆகலாம். ஆகட்டும், எங்க வீட்டுல ஆகட்டும்.” அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் முடிவு என்று பெரியவளுக்குத் தெரிந்தது. “கம்பெனிக்கு நான் வரலக்கா. உன்மேல வருத்தம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நீ சொன்னதை நானும் நம்பிட்டேன் பாரு, என்மேலயுந்தான் வருத்தம்.”

அவள் வீட்டுக்காரர் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல், பெரியவளை விசாரித்துக்கொண்டே வாயைத் திறந்து நின்றார், குழந்தை மாதிரி. சின்னவள் ஒரு கரண்டி சூப்பை ஆற்றி ஊற்றினாள்.

“சரியா இருக்கு” என்றார் அவர்.

டப்பாக்களை அடுக்கத் தொடங்கினாள். பெரியவளும் எழுந்து பக்கத்தில் நின்று, ஊற்றிய டப்பாக்களுக்கு ஒவ்வொன்றாக மூடியைப் போட்டு அழுத்தினாள். போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, இரு என்று இவளும் சொல்லவில்லை. டப்பாக்கள் தீரும்வரை அந்த வேலை இருந்தது.